தீவகத்துக்குப் போகிறவர்களுக்கு: வள்ளம், சாப்பாடு, ஒரு கையெழுத்து

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஆடி, ஆவணியில்தான் வெளிநாட்டிலிருந்து பலரும் வருகிறார்கள். அது சோளகக் காலம், தென்மேற்குக் காற்று அடிக்கும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம், காற்று பெரிதாகத் தெரியாது. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். பாதித் தூரம் தாண்டியதும் வள்ளம் தூக்கிப் போடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஊர்ச்சனம் போடவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். மாசி, பங்குனியில் வர முடிந்தால் கடலும் அடங்கியிருக்கும், நெடுந்தீவுக் குதிரைகளுக்குப் புல்லும் மிச்சமிருக்கும். ஆவணியில் அதே குதிரைகள் எலும்பும் தோலுமாகத் தண்ணீர் தேடி அலையும்.

நெடுந்தீவில் இறங்குதுறையிலேயே ஓட்டோவைப் பேசுங்கள். இடங்களைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும்: ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரைவெளி, வெடியரசன் கோட்டை. "எல்லாம் காட்டுறன்" என்றால் பாதிதான் காட்டப்படும். கோட்டை முருகைக்கல்லால் கட்டியது, சுவரில் ஏறினால் உதிரும். கடைசி வள்ளம் பிற்பகலிலேயே போய்விடும். நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

மதியச் சாப்பாட்டை, எத்தனை பேர் என்பதோடு, காலையிலேயே கடையில் சொல்லிவிட வேண்டும். அங்கே ஆளுக்கு ஏற்றபடிதான் உலை வைப்பார்கள். சொன்னால் மீனோ கணவாயோ கிடைக்கும். சொல்லாமல் ஒரு மணிக்குப் போய் நின்றால் மிஞ்சிய சோறும் பருப்பும், சில நாள் அதுவும் இல்லை. பல கிணறுகள் உவர், ஆகவே குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். நயினாதீவில் அந்தக் கவலை இல்லை, அம்மன் கோயில் மதியப் பூசைக்குப் பிறகு அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் இருக்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் அங்குள்ள பௌத்தக் கோயிலான நாகவிகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். அன்றைக்கு வள்ளத்துக்கு வெயிலில் வரிசைதான்.

தங்குவதற்கு நெடுந்தீவில் சில விடுதிகள் உண்டு, போன் பண்ணாமல் போகாதீர்கள். காரைநகர்க் கடலில் உள்ள கடற்கோட்டையைக் கடற்படை விடுதியாக நடத்துகிறது. அங்கே படுத்தால் நித்திரை வருமா என்பது அவரவர் பாடு. மற்றவர்கள் யாழ் நகரத்தில் அறை எடுத்து விடிய வெளிக்கிடுவார்கள், அல்லது சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள்.

சொந்தக்காரர் வீடு என்றால் இரண்டாம் நாள் இரவு, புட்டுக்கும் மீன்குழம்புக்கும் பிறகு, ஒரு பேச்சு வரும். "தம்பி, நீ நிக்கிற நேரம் அந்தக் காணி அலுவலையும் ஒருக்கா முடிச்சிட்டுப் போ. ஒரு கையெழுத்துத்தான்." வேலி அடைத்ததும் கிணறு இறைத்ததும் அவர்கள், நீங்கள் அல்ல. அதனால் மறுக்க வாய் வராது. வராவிட்டாலும் அன்றிரவே கையெழுத்து வைக்காதீர்கள்.

நீட்டப்படுவது பெரும்பாலும் அற்றோர்ணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம். பொதுத் தத்துவம் என்றால் விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் போய்விடலாம். வேலி, வரி, வழக்கு என்று இன்ன வேலைக்கு மட்டும் எழுதிய விசேட தத்துவம் போதும், அதையும் நீங்களே பிடித்த நொத்தாரிசை (பத்திரம் எழுதும் சட்டத்தரணியை)க் கொண்டு எழுதுங்கள். காணியில் ஆள் இருந்தால், உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்று ஒரு கடிதம் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். உரித்தாளரை மறுத்து, இடையூறின்றிப் பத்து வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை கோரச் சட்டம் இடம் தருகிறது. அனுமதியோடு இருப்பவருக்கு அது எளிதில் வராது. இதைக் கேட்டால் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

கந்தோர் (அரச அலுவலக) வேலையைத் தீவு பார்க்கும் நாட்களோடு கலக்காதீர்கள். புங்குடுதீவு, நயினாதீவுக் காணிக்கு வேலணைப் பிரதேச செயலகம். அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறை. நெடுந்தீவுக்கும் காரைநகருக்கும் தனித்தனி. கிராம அலுவலர் எல்லா நாளும் கந்தோரில் இருக்க மாட்டார், அவருடைய பொதுசன நாளை முதலே கேளுங்கள். காணி உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதி, உரித்தாளரின் மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், இருந்தால் நில அளவைப் படம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். இடறுகிற இடம் பெயர். உறுதியில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயராகப் பின்னால், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். இல்லாவிட்டால், வரிசையில் நின்று உள்ளே போன பிறகுதான் "இது வேற ஆளெல்லோ" என்பார்கள்.

காணிப் பதிவகத்தில் உறுதியிலுள்ள தொகுதி, பக்க இலக்கங்களைக் கொடுத்துப் பதிவேட்டைப் பார்வையிடுங்கள், வேறு கைமாற்றம் பதிந்திருந்தால் அங்கேதான் தெரியும். சந்தேகம் இருந்தால் கேவியற் (எச்சரிக்கைப் பதிவு) ஒன்று போடலாம். போட்டால் அந்தக் காணி பற்றி எந்தப் பத்திரம் பதிவுக்கு வந்தாலும் உங்களுக்கு அறிவித்தல் வரும். அது குறித்த காலத்துக்குத்தான் செல்லும், புதுப்பிக்க வேண்டும்.

அண்ணனின் பங்கை வாங்கலாம் என்ற யோசனை இருந்தால்: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர் காணி வாங்க முடியாது. நெருங்கிய உறவினரிடமிருந்து வழியுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ வருவதற்கு விலக்கு உண்டு. இதற்கு வட்சப் குழுவில் விடை தேடாதீர்கள், சட்டத்தரணிக்குக் காசு கொடுங்கள்.

கந்தோர்கள் சனி, ஞாயிறு, போயா நாட்களில் பூட்டு. திங்கள் தொடங்கி அலுவலைப் பார்த்துவிட்டுக் கிழமைக் கடைசியில் வள்ளம் ஏறுங்கள். ஏறும்போது உறுதியின் மூலப்பிரதி பையில் இருக்கக் கூடாது, கடல் தண்ணி பட்டால் பழைய உறுதியின் மை நிற்காது.