முதுகில் சுமக்கப்போகும் டென்ட்டை எப்படிப் பார்த்து வாங்குவது

முதலில் எடையைப் பாருங்கள். 3 கிலோ டென்ட் கடையில் கையில் எடுக்கும்போது ஒன்றுமே தெரியாது, ஆனால் அதோடு சாப்பாடு, தண்ணீர், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் சேர்ந்து முதுகில் ஏறி, நாலைந்து மணி நேரம் செங்குத்தாக நடக்கும்போதுதான் அந்த 3 கிலோ என்னவென்று புரியும். ஆளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கினால் நல்லது. இரண்டு பேர் போனால் துணியை ஒருவரும் கம்பிகளை ஒருவருமாகப் பிரித்துக்கொள்ளலாம். அப்புறம், அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எடையில் பல நேரம் தரையில் அடிக்கும் முளைகளும் கயிறும் பையும் சேர்ந்திருக்காது, மொத்த எடை எவ்வளவு என்று கேட்டே வாங்குங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது, இரண்டு அடுக்கு. நவம்பரில் கொடைக்கானல் பக்கம் ஒரு இரவு தங்கினேன், 2000 ரூபாய்க்குள் வாங்கிய ஒற்றைத் துணி டென்ட். விடியற்காலையில் ஸ்லீப்பிங் பேக் நனைந்திருந்தது. மழை ஒழுகிவிட்டது என்றே நினைத்தேன், வெளியே வந்து பார்த்தால் தரை காய்ந்து கிடந்தது, மழையே பெய்யவில்லை. எல்லாம் எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டியிருக்கிறது. உள்ளே கொசுவலை மாதிரி வலைத்துணி, அதன்மேல் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தனியாக ஒரு மழைத்துணி என்று இருந்தால் அந்த நீர் வெளித்துணியிலேயே வழிந்து போய்விடும். மேலே காற்று வெளியேறத் திறப்பும் இருக்க வேண்டும். நம் மலைகளின் ஈரத்துக்கு இது இல்லாத டென்ட் வேண்டவே வேண்டாம்.

மழைத்துணி தலையில் தொப்பி வைத்தது மாதிரி பாதியில் நிற்காமல் தரைக்குக் கிட்டே வரை இறங்க வேண்டும். 1500 மிமீ, 3000 மிமீ என்று போட்டிருப்பார்களே, அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் துணி கசியாது என்று அர்த்தம். மேலே 1500 போதும். தரைத்துணிக்கு இன்னும் அதிகம் வேண்டும், ஏனென்றால் ஈரத் தரைமேல் நம் முட்டியும் இடுப்பும் அழுத்துகிறது. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தையல் ஓரங்களில் டேப் ஒட்டியிருக்காவிட்டால் ஊசி போன ஓட்டை வழியாகவே தண்ணீர் வரும், உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அட்டையில் '2 பேர்' என்று போட்டிருந்தால் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கிற 2 பேர், பைக்கு இடம் கிடையாது. அதனால் வாசலில் ஷூவும் பையும் வைக்க மூடிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஆறடி என்றால் உள்நீளம் 210 செமீக்குக் குறையக் கூடாது, காலோ தலையோ துணியில் முட்டினால் அந்த இடம் நனைந்துவிடும். கடையில் விரித்து வைத்திருந்தால் கூச்சப்படாமல் உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள்.

கம்பி அலுமினியம் என்றால் நல்லது. ஃபைபர்கிளாஸ் கம்பி விலை குறைவு, ஆனால் எடை அதிகம், உடைந்தால் நாராகப் பிளந்து துணியையும் கிழிக்கும். பாறைமேல் முளை இறங்காது, அதனால் முதல் டென்ட்டுக்கு முளை அடிக்காமலே நிற்கிற வகைதான் சரி. நின்றாலும் காற்றுக்குக் கல்லிலாவது கட்டிவிடுங்கள். பனி கொட்டும் இடங்களுக்கான கனமான டென்ட் உண்மையிலேயே பனியில் தங்கப்போகிறவர்களுக்கு மட்டும்தான். இமயமலைக்கு ஏஜென்சி மூலம் குழுவாகப் போவதானால் பெரும்பாலும் அவர்களே டென்ட் தருவார்கள், வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். நம் ஊர்க் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கிய வாரமே, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், மொட்டை மாடியில் போட்டு ஓஸ் பைப்பில் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். இருட்டில் டார்ச் வைத்தும் ஒருமுறை கட்டிப் பழகுங்கள். ஊர் திரும்பியதும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நிழலில் நன்றாகக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும்.