‘மீட்பு’ என்ற சொல்லை நம்பும் முன்: நாடு கடந்த ஊழல் பணத்தைப் பின்தொடரும் முறை

‘முன்னாள் அதிபர் பதுக்கிய இத்தனை கோடி மீட்பு’ என்று ஒரு செய்தி வந்தால், தொகையைப் பார்க்கும் முன் வினைச்சொல்லுக்கு அடியில் கோடிடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சட்டம் படிக்கும் மாணவர்கள் சிலரோடு அமர்ந்து இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். ஆட்சியாளர் திருடிய பணம் அவர் நாட்டு மக்களிடம் திரும்ப வேண்டுமானால், அது கண்டறியப்பட வேண்டும், முடக்கப்பட வேண்டும், நீதிமன்ற ஆணையால் பறிமுதல் செய்யப்பட வேண்டும், பிறகு ஒப்படைக்கப்பட வேண்டும். தலைப்பில் ‘மீட்பு’ என்று இருந்தாலும், உள்ளே படித்தால் பல நேரங்களில் இரண்டாம் படியான முடக்கம்தான் நடந்திருக்கும்.

முடக்கம் என்றால் என்ன என்பது நீதிமன்ற ஜப்தியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஜப்தியான வீட்டை விற்க முடியாது. ஆனால் அது இன்னும் கடன் வாங்கியவரின் வீடுதான். பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் 1986 பிப்ரவரியில் நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த மாதமே சுவிட்சர்லாந்து அவருடைய கணக்குகளை முடக்கியது. அந்தப் பணம் பிலிப்பைன்ஸ் அரசின் கைக்கு வந்தது 2004இல். இடையில் 1997இல் சுவிஸ் உச்ச நீதிமன்றமும் 2003இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. தொகை 65 கோடி டாலருக்கு மேல். முடக்கத்துக்கும் ஒப்படைப்புக்கும் இடைவெளி 18 ஆண்டுகள். ஆகவே ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் தேதியையும் ஆணையிட்ட நீதிமன்றத்தின் பெயரையும் எழுதுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, பணம் அதற்கு முந்தைய கட்டத்தில்தான் நிற்கிறது.

அடுத்து, திருட்டு நடந்த நாட்டில் வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். என் கணிப்பில் இந்த முயற்சிகள் பெரும்பாலும் முறிவது இங்கேதான். சுவிஸ் வங்கி ரகசியத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு அலுப்பதில்லை. சொந்த நாட்டு அரசு வழக்குத் தொடராமல் விட்டதைப் பற்றிப் பேசுவது குறைவு. காங்கோவின் முன்னாள் அதிபர் மொபுட்டுவின் சொத்துகளை சுவிட்சர்லாந்து 1997இல் முடக்கியது. காங்கோ அரசு உரிய காலத்தில் சட்ட நடவடிக்கை எடுக்காததால், முடக்கி வைத்திருந்த சுமார் 77 லட்சம் பிராங்க் 2009இல் அவருடைய வாரிசுகளுக்கே விடுவிக்கப்பட்டது. ஹைட்டியின் முன்னாள் அதிபர் டுவாலியரின் பணத்திலும் 2010இல் காலாவதி, அதாவது வழக்குக்கான கெடு முடிந்துவிட்டது என்ற சட்டக் காரணம் குறுக்கே வந்தது. அதன் பிறகே, கோரும் நாடு செயலிழந்து கிடந்தாலும் சொத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுக்கும் சட்டத்தை சுவிட்சர்லாந்து 2011இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2016இல் அதைவிட விரிவான சட்டமும் வந்தது. எனவே நீங்கள் பின்தொடரும் விவகாரத்தில் உள்நாட்டு வழக்கு எண், குற்றப்பத்திரிகை நாள், காலாவதிக் கெடு ஆகிய மூன்றையும் தேடுங்கள். மூன்றும் கிடைக்காவிட்டால், வெளிநாட்டு முடக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் ஆயுளைச் சந்தேகிக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கை எந்த வழியாகச் செல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடிப்படை ஆவணம் 2003இல் ஏற்கப்பட்டு 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் ஊழலுக்கு எதிரான உடன்படிக்கை. இந்தியா 2011இல் இதை உறுதிசெய்தது. ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தால் போதும். 51ஆம் பிரிவு சொத்துகளைத் திருப்பித் தருவதை அடிப்படைக் கோட்பாடாகவே அறிவிக்கிறது. 53ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்ட நாடு வெளிநாட்டு நீதிமன்றத்தில் தானே உரிமையியல் வழக்குப் போடலாம். கையாடப்பட்ட அரசுப் பணத்தைக் கோரும் நாட்டிடம் ஒப்படைப்பது பற்றி 57ஆம் பிரிவு பேசுகிறது. நாடுகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தர உலக வங்கியும் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகமும் சேர்ந்து 2007இல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கின. இந்தியாவில் இத்தகைய சட்ட உதவிக் கோரிக்கைகளுக்கான மைய அதிகாரம் உள்துறை அமைச்சகம். உள்நாட்டு முடக்கத்தை அமலாக்கத்துறை செய்கிறது. 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி தற்காலிக முடக்கம் 180 நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் தீர்ப்பாணையம் அதை உறுதிசெய்ய வேண்டும். அந்த 180ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

கோரிக்கைக் கடிதத்தின் தரத்தையும் எடைபோட வேண்டும். ‘இன்னாருக்கு உங்கள் நாட்டில் என்னென்ன சொத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று எழுதினால் எந்த நாடும் எளிதில் அசையாது. வங்கியின் பெயர், கணக்கின் விவரம், குற்றத்துக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பு ஆகியவை தேவை. செய்த செயல் பொதுவாக இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும்.

சொத்தைத் தேடும் வேலையில் சாதாரண வாசகரும் இறங்கலாம். வீடு வாங்குவதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கிறோம் அல்லவா? பொறுமையும் முறையும் இங்கும் அதே போன்றவைதான். பிரிட்டனின் நிறுவனப் பதிவகத்தில் இயக்குநர்களின் பெயர்களை இலவசமாகத் தேடலாம். நிறுவனத்தை உண்மையில் கட்டுப்படுத்துவோரின் விவரத்தை 2016 முதல் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். அங்கு நிலம் வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2022இல் தனிப் பதிவேடு வந்தது. வெளிநாட்டு நிழல் நிறுவனங்கள் பற்றிக் கசிந்த கோப்புகளான பனாமா ஆவணங்கள் உள்ளிட்ட கசிவுகளின் தரவுத்தளமும் பொதுவெளியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும், 2022 நவம்பரில் வந்த ஒரு தீர்ப்புக்குப் பின் உண்மை உரிமையாளர் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்ப்பது கடினமாகிவிட்டது.

பெயர்களில் நம்மவர்கள் குறிப்பாகத் தடுக்கி விழுகிறோம். தமிழரின் இனிஷியல் கடவுச்சீட்டில் விரிந்து தந்தை பெயராக முன்னாலோ பின்னாலோ நிற்கும். ‘ழ’ ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்படும். ஒரே ஆள் நான்கு பெயர்களில் இருக்கலாம். நான்கு ஆட்கள் ஒரே பெயரிலும் இருக்கலாம். பிறந்த மாதம், முகவரி, உடன் இயக்குநர்கள் என்று குறைந்தது இரண்டு விவரங்களாவது பொருந்தாமல் யாரையும் பினாமி என்று எழுதிவிடாதீர்கள். கசிவில் பெயர் இருப்பதே குற்றத்துக்குச் சான்றாகிவிடாது.

தொகைகளைத் தமிழில் எழுதும்போதும் கவனம் தேவை. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். மலேசியாவின் 1எம்.டி.பி. என்ற அரசு முதலீட்டு நிதியிலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. அதை 45 கோடி என்று எழுதினால் திருடனுக்கு நாமே தள்ளுபடி கொடுத்தவர்கள் ஆவோம். அந்தப் பணத்தில் வாங்கப்பட்ட ஈக்வானிமிட்டி என்ற உல்லாசப் படகு 2019இல் 12.6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

கடைசிக் கட்டத்தில் கேட்க வேண்டியது, திரும்பும் பணத்தை யார் செலவிடுகிறார்கள் என்பது. நைஜீரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் அபாச்சா பதுக்கியதில் சுமார் 32 கோடி டாலரைத் திருப்பித் தர சுவிட்சர்லாந்து 2017இல் உடன்பட்டபோது, ஏழைக் குடும்பங்களுக்கு நேரடி உதவித்தொகையாகத் தருவது என்றும் உலக வங்கி கண்காணிப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள். அவர் பதுக்கியதிலேயே 2020இல் ஜெர்சி தீவிலிருந்து வந்த சுமார் 31 கோடி டாலர், லாகோஸ்–இபாடான் நெடுஞ்சாலை உள்ளிட்ட மூன்று கட்டுமானப் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் 2013இல் ஒரு சட்டமியற்றி, வந்த பணத்திலிருந்து 1,000 கோடி பெசோவை மார்க்கோஸ் ஆட்சியில் சித்திரவதைக்கு உள்ளானோருக்கும் மற்ற மனித உரிமை மீறல்களுக்கு ஆளானோருக்கும் இழப்பீடாக ஒதுக்கியது. திருடியவரின் குடும்பமே இன்னும் ஆட்சியில் இருந்தால் கதை சிக்கலாகும்: எக்குவடோரியல் கினியின் துணை அதிபரிடமிருந்து அமெரிக்கா பெற்ற தொகை அரசிடம் கொடுக்கப்படாமல், அந்நாட்டு மக்களுக்கான தடுப்பூசிக்கும் மருந்துக்கும் 2021இல் ஒதுக்கப்பட்டது. உங்கள் நான்காவது கட்டத்தில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதாமல், எந்தத் திட்டத்துக்கு, யாருடைய கண்காணிப்பில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நம் நாட்டு வழக்கானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அமலாக்கத்துறைக்கு எழுதிக் காத்திருப்பது பொதுவாகப் பலன் தராது. ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான தகவல்கள் தவிர மற்றவற்றில் அந்தத் துறைக்கு 24ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அதைவிட, நீதிமன்றங்களின் இணையதளத்தில் வழக்கு எண்ணை வைத்து ஆணைகளைத் தேடுவது வேகமான வழி. தேடிய நாளைத் தாளின் ஓரத்தில் எழுதி, மூன்று மாதம் கழித்து அதே எண்ணை மறுபடி தேடுங்கள்.