போர் தண்ணீரும் காரில் விழும் வெள்ளைப் புள்ளியும்

வேலூர் பக்கம் சத்துவாச்சாரி, காட்பாடி, ராணிப்பேட்டை என்று எந்தத் தெருவில் பார்த்தாலும் போர் தண்ணீரில் கழுவிய கறுப்பு கார் ஒன்று உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு நிற்கும். அது அழுக்கு இல்லை, திரும்ப ஷாம்பு போட்டாலும் போகாது. தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் தண்ணீர் ஆவியானதும் பெயிண்ட் மேலேயே தங்கிவிடுகின்றன. வாட்டர் ஹீட்டர் காயிலில் படிவதும் இதுதான்.

அதனால் தண்ணீர் காரின் மேல் தானாகக் காயக் கூடாது, முக்கியமான வேலையே இதுதான். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், நீங்கள் துணி எடுத்து வருவதற்குள் போனட் காய்ந்திருக்கும். காலையில் வெயில் ஏறும் முன்பு, நிழலில், போனட்டைத் தொட்டால் சுடாத நேரத்தில் கழுவுங்கள். ரூஃபில் ஆரம்பித்துப் பகுதி பகுதியாகப் போங்கள், முடித்த இடம் காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள், கடைசியில் மொத்தமாக அலசிவிட்டு உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

கடைசி அலசலுக்கு ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் ரொம்ப நல்லது, காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. மழைத் தண்ணீரும் சரி. ஆனால் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர், வீணாகிறதே என்று பலர் காருக்கு ஊற்றுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏற்கனவே புள்ளி விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரையும் ஏசி தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, புள்ளி மேல் ஓரிரு நிமிடம் போட்டு வையுங்கள். காய விடாமல் மெதுவாகத் துடைத்து நன்றாக அலசுங்கள். வினிகர் பட்ட இடத்தில் வாக்ஸும் கொஞ்சம் போயிருக்கும், திரும்பப் போட வேண்டும். டைல்ஸ் உப்புக் கறைக்கு வாங்கி வைத்திருக்கும் ஆசிட்டை மட்டும் காருக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

வினிகருக்கும் போகவில்லை என்றால் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் உப்பு இன்னும் மேலேதான் இருக்கிறது, ஷாம்பு தண்ணீர் தெளித்து கிளே பார் (பெயிண்டில் ஒட்டியிருப்பதை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். வழவழப்பாக இருந்தும் வட்டம் தெரிந்தால், பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான ‘கிளியர் கோட்’டையே உப்பு அரித்திருக்கிறது, பாலிஷ் போடத்தான் வேண்டும், அதுவும் ஆழமாக இறங்கியிருந்தால் முழுசாக மறையாது. கண்ணாடிக்கும் இதே வினிகர் போதும், வைப்பர் ரப்பரையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.