முன்கண்ணாடி ஓரத்துத் துரு: கழற்றாமல் தீராது

பழைய காரின் முன்கண்ணாடி ஓரத்தில் பெயிண்ட் கொப்புளமாக உப்பியிருந்தால், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு அடியில் துரு அதைவிட அதிகமாகப் பரவியிருக்கும். கண்ணாடியைக் கழற்றாமல் வேலையைத் தொடங்காதீர்கள். தண்ணீர் தேங்குவது கீழ் மூலைகளில்தான். அங்கே ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். பொத்துக்கொண்டு உள்ளே போனால், அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையைப் பட்டியால் (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) அடைப்பது வீண்: பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்பக்கமிருந்து துரு மறுபடி கிளம்பும்.

மேல்துரு மட்டும் என்றால், 80 நம்பர் உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். குழிகளில் கறுப்புப் புள்ளி மிஞ்சினால் பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருநீக்கியைத் தடவி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, அன்றே எபாக்சி பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடியுங்கள். அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் முழுதாக இறுகும் முன் கண்ணாடியை ஒட்டினால், பசை பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.