தொப்பை போடாமல் தசை ஏற்றும் சாப்பாட்டுக் கணக்கு

பல்க்கிங், அதாவது தசை ஏற்றக் கூடுதலாகச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொண்டு கண்டதையும் அள்ளிப் போடுகிறவர்களுக்கு மூன்றே மாதத்தில் தொப்பைதான் மிஞ்சும். நிறையச் சாப்பிட்டால் தசை வேகமாக வளர்ந்துவிடாது, அதற்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும். எடை ஏறாமல் இறங்காமல் நிற்க எவ்வளவு கலோரி ஆகிறதோ, அதற்கு மேல் ஒரு 200, 300 போதும்.

எடை நிற்கும் அந்த அளவைக் கண்டுபிடிக்க கலோரி ஆப் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். இரண்டு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், தினமும் காலையில் டாய்லெட் போய்வந்த பிறகு, தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். ஒரு நாள் எடையை வைத்துப் பதறாதீர்கள், வார சராசரிதான் கணக்கு. அது மாறாமல் நின்றால், அந்த நாட்களில் சராசரியாக உள்ளே போன கலோரிதான் உங்கள் அளவு.

அடுத்து புரோட்டீன். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம், அதாவது 70 கிலோ ஆளுக்கு 112 முதல் 154 கிராம் வரை. இதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், காலையில் மூன்று முட்டையோடு நிறுத்தினால் 18தான் தேறும், கூடவே பாலோ தயிரோ பருப்போ வேண்டும். சிக்கனை நிறுக்கும்போது கவனம்: தோலில்லாத நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமில் சுமார் 23 கிராம் புரோட்டீன், வெந்த பிறகு நிறுத்த 100 கிராமில் சுமார் 31. பச்சையாக நிறுத்துவிட்டு வெந்த கணக்கை எழுதினால் தினமும் குறைவாகத்தான் உள்ளே போகும்.

கலோரி கை நழுவும் இடம் எண்ணெய்தான். ஒரு டேபிள் ஸ்பூனில் கிட்டத்தட்ட 120 கலோரி இருக்கிறது, கை போன போக்கில் இரண்டு ஸ்பூன் கூடுதலாக ஊற்றினால் மேலே சொன்ன 200, 300 அங்கேயே தீர்ந்துபோகும். அதற்காகக் கொழுப்பை அடியோடு ஒதுக்கவும் கூடாது, மொத்தக் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் இருக்கட்டும். மீதியெல்லாம் சோறு, கிழங்கு, ஓட்ஸ், பழம். மாவுச்சத்தைப் பார்த்துப் பயந்தால் ஜிம்மில் கடைசி செட்டில் தெம்பே இருக்காது.

பவுடர்? பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. சாப்பாட்டில் கணக்கு எட்டாத நாளுக்கு வசதி, அவ்வளவுதான். பயிற்சியில் தசைக்குத் தெம்பு கொடுக்கும் கிரியேட்டின் பவுடரைத் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம், ஆரம்பத்தில் எடை சட்டென்று ஏறினால் அது பெரும்பாலும் தண்ணீர். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் இதையெல்லாம் தொடுமுன் டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

அப்புறம், வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம் ஏறினால் சரி, 70 கிலோவுக்கு அது 175 முதல் 350 கிராம். புதிதாக ஆரம்பித்தவருக்கு மேல் அளவு, பழைய ஆளுக்குக் கீழ் அளவு. அதைத் தாண்டினால் சோற்றிலும் எண்ணெயிலும் 100, 150 கலோரி குறையுங்கள், புரோட்டீனில் கை வைக்காதீர்கள். இரண்டு வாரமாக ஏறவே இல்லையா, அதே அளவைக் கூட்டுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் வாரம் ஒருமுறை டேப்பில் அளந்துவிடுங்கள். இடுப்பு மட்டும் ஏறி, ஜிம்மில் தூக்கும் வெயிட் மாதக்கணக்கில் அப்படியே நின்றால், முதலில் பயிற்சியையும் தூக்கத்தையும் பாருங்கள்.