பழைய கணினி ஆர்பிஜிகள்: முதல் மூன்று மணி நேரத்தில் செய்யக் கூடாதவை

பால்டர்ஸ் கேட் என்ற கணினி ஆர்பிஜியில் (நாமே ஓர் ஆளை உருவாக்கி, அவனாகவே கதைக்குள் நடக்கும் விளையாட்டு வகை) என் முதல் சாவு ஒரு சத்திரத்தின் வாசற்படியில் நடந்தது. வளர்ப்புத் தந்தையைப் பறிகொடுத்து, காட்டுப் பாதையில் தட்டுத் தடுமாறி, ஃபிரெண்ட்லி ஆர்ம் என்ற அந்தச் சத்திரத்தை அடைந்து மூச்சுவிட்ட நேரம். படியில் நின்ற ஒரு மந்திரவாதி பேச்சுக் கொடுத்தான். நான் யார் என்று தெரிந்ததும் தன் உருவத்தைப் பலவாகப் பெருக்கிக் காட்டினான். அடுத்த மந்திரத்தில் என் ஆள்கள் கிலி பிடித்துச் சிதறி ஓடினார்கள். அதற்கடுத்ததில் நான் செத்துக் கிடந்தேன். அவன் பெயர் டார்னெஷ். 1998 டிசம்பரில் அந்த விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து எத்தனையோ புதியவர்களை அதே படியில் சாய்த்தவன். "இதற்கா இவ்வளவு புகழ்?" என்று கணினியை அணைத்தவன், இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கையேட்டை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை என்பதை அப்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

2023-இல் பால்டர்ஸ் கேட் 3 வந்து பெரிய வெற்றி பெற்றதிலிருந்து, "முதல் இரண்டு பாகங்கள் இன்றைக்கும் விளையாடத் தகுமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த மூன்றாம் பாகம் வட்டில் 150 ஜிபி இடம் கேட்கிறது. 1997-இல் வந்த ஃபால்அவுட்டுக்கு ஒரு ஜிபிகூடத் தேவையில்லை. வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினி போதும். ஆகவே கேள்வி நியாயமானதுதான். சில விளையாட்டுகள் நிச்சயம் தகும், சில தகாது என்பது என் பதில். ஆனால் "தகாது" என்று தீர்ப்பு எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மணி நேரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அவர்களைத் தோற்கடிப்பவை, இன்றைய விளையாட்டுகளிலிருந்து அவர்கள் கூடவே கொண்டுவந்த பழக்கங்கள்.

பாடத்திட்டம்போல் வரிசையாகத் தொடங்குவது

ஆர்வக்கோளாறில் செய்யும் முதல் தவறு இது. வரலாற்றை முறையாக அறிய வேண்டும் என்று 1981-இன் விசர்ட்ரியில் தொடங்கி, பத்தாவது நாளில் ஆர்பிஜி என்ற சொல்லையே வெறுத்துவிடுவார்கள். 1988-இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டில் இடம் போதாததால் கதையின் பல பகுதிகளைத் தனியாக ஒரு புத்தகத்தில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். கட்டம் வந்ததும் இந்த எண்ணுள்ள பகுதியைப் படி என்று திரை சொல்லும். நாம் பக்கம் புரட்ட வேண்டும். மதுக்கடைகளில் காதில் விழும் கதைகளும் அதே புத்தகத்தில் இருந்தன, அவற்றில் சில பொய். திருட்டுத்தனமாக முன்கூட்டியே படிப்பவனும் ஏமாந்துபோவான். கேட்க இனிமையான செய்தி. ஆனால் இன்று அதை உட்கார்ந்து முடிப்பது வேறு விஷயம், பொறுமைக்கான தேர்வு அது.

1997 முதல் 2002 வரையிலான வாசல் வழியாக நுழையுங்கள். ஃபால்அவுட், பால்டர்ஸ் கேட், பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், மாரோவிண்ட். சுட்டி வேலை செய்யும், எழுத்து கண்ணுக்குத் தெரியும், கதை உங்களை இழுக்கும். அங்கே சுவை பிடித்தால் பிறகு பின்னோக்கிப் போகலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு தருவேன்: ரிச்சர்ட் கேரியட் 1985-இல் உருவாக்கிய அல்டிமா 4. இதில் கொல்ல வேண்டிய பெரிய வில்லன் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களில் தேறி "அவதார்" ஆவதுதான் இலக்கு. ஆம், நம் அவதாரம்தான். கேரியட் அந்தச் சொல்லை இந்து மரபிலிருந்தே எடுத்துக்கொண்டார். மூலிகை விற்கும் கண் தெரியாத மூதாட்டி, எவ்வளவு காசு தருகிறாய் என்று உங்களையே கேட்பாள். குறைத்துக் கொடுக்கலாம், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். விளையாட்டும் அப்போதைக்கு ஒன்றும் சொல்லாது, ஆனால் உங்கள் நேர்மைக் கணக்கில் குறித்துக்கொள்ளும். விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கையேட்டைத் திறக்காமல் இருப்பது

அந்தக் காலத்து விளையாட்டில் கையேடும் ஒரு பாதி. இன்று பயிற்சிக் கட்டம் ஒன்று வந்து கையைப் பிடித்து நடத்துகிறது. அன்று அந்த வேலையைக் காகிதம் செய்தது. அல்டிமா 4-இல் எந்த மந்திரத்துக்கு எந்தெந்தப் பொருளைக் கலக்க வேண்டும் என்ற செய்முறை, கூடவே தந்த புத்தகத்தில்தான் இருக்கிறது. திரையில் தேடினால் கிடைக்காது. விற்பனைத் தளங்கள் இவற்றைப் பெரும்பாலும் பிடிஎஃப் ஆகவே தருகின்றன, ஆனால் தனியாகத் தரவிறக்க வேண்டியிருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை.

பால்டர்ஸ் கேட்டில் எல்லோரையும் மிரட்டுவது, வீசும் அடி படுமா என்று முடிவு செய்யும் தாக்கோ என்ற கணக்கு. நம் "தாக்கு"க்கும் அதற்கும் உறவில்லை. ஆங்கில எழுத்துச் சுருக்கம் தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது. நினைவில் வைக்க வசதிதான். விஷயம் எளிது. உங்கள் தாக்கோ 20, எதிரியின் கவச எண் 5 என்றால், இருபதிலிருந்து ஐந்தைக் கழியுங்கள். இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். எதிரியின் கவச எண் 0 என்றால் 20 விழ வேண்டும். அதாவது இங்கே கவச எண் குறையக் குறையத்தான் நல்லது. இது தெரியாமல், எண் கூடினால் பலம் கூடும் என்ற இன்றைய கணக்கில், நல்ல கவசத்தைக் கடையில் விற்றுவிட்டு மட்டமானதை மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

முதல் லெவலில் பத்து வீச்சில் ஆறேழு தவறும். விளையாட்டு பழுது என்று தோன்றும். தாயம் விழும்வரை காய் கட்டத்துக்குள் இறங்காமல் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆளை அவசரத்தில் உருவாக்குவது

இதுதான் பெரிய கண்ணி. புதிய விளையாட்டுகளில் எந்தத் தேர்வு செய்தாலும் எங்காவது ஓர் ஊரில் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பழையவற்றில் முதல் பத்து நிமிடத்தில் எழுதியது கடைசிவரை கூடவே வரும்.

ஃபால்அவுட்டில் ஏழு குணங்கள், பதினெட்டுத் திறன்கள். அவற்றில் மூன்று திறன்களை உங்கள் சிறப்பு என்று குறித்துக்கொள்ளலாம். சண்டை முறைவைத்து நடக்கும். ஒவ்வொரு முறைக்கும் உங்களுக்குக் கிடைக்கும் ஆக்‌ஷன் பாயின்ட்டுகள், ஐந்துடன் சுறுசுறுப்பில் பாதியைக் கூட்டினால் வருபவை. கைத்துப்பாக்கியால் ஒருமுறை சுட ஐந்து பாயின்ட் செலவு. சுறுசுறுப்பு 8 என்றால் 9 பாயின்ட், ஒரு குண்டு. சுறுசுறுப்பு 10 என்றால் 10 பாயின்ட், இரண்டு குண்டு. ஆரம்பத்தில் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையில் நிற்பது பல நேரம் அந்த ஒரு பாயின்ட்தான். திறன்களில் கனரகத் துப்பாக்கியைக் குறித்தவருக்கு, அதைக் கையில் பிடிக்கும் வாய்ப்பே பாதி விளையாட்டுக்குப் பிறகுதான் வரும். அதுவரை எலியோடும் தேளோடும் மல்லுக்கட்ட வேண்டியதுதான். சிறு துப்பாக்கி, பேச்சு, பூட்டு திறத்தல் என்ற மூன்றும் புதியவரைக் காப்பாற்றும். பேச்சைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், இறுதி எதிரியைக்கூடப் பேசியே வீழ்த்த முடியும்.

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். உடல் முழுக்கத் தழும்போடு பிணவறையில் கண்விழிக்கும் பெயரற்றவனைப் பார்த்ததும், நமக்கு வாள்வீரனாக்கத் தோன்றும். வலிமையில் எல்லாப் புள்ளிகளையும் கொட்டுவோம். அந்த விளையாட்டின் உயிர் பேச்சில் இருக்கிறது. ஞானம், அறிவு, கவர்ச்சி ஆகியவை உயர்ந்திருந்தால்தான் பல கதவுகள் உரையாடலில் திறக்கும், மறந்துபோன முந்தைய வாழ்வுகள் நினைவுக்கு வரும். வலிமைமிக்க முட்டாளாக அதை முடித்தவர் பாதிக் கதையைக் கேட்கவே இல்லை.

பால்டர்ஸ் கேட்டில் முதல்முறை மந்திரவாதியாகப் போகாதீர்கள். முதல் லெவல் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகள் நான்கு, உடல்கட்டு நன்றாக இருந்தால் ஆறு. ஓர் ஓநாய் போதும்.

தோற்ற இடத்திலெல்லாம் திரும்ப ஏற்றுவது

விளையாட்டைச் சேமிப்பதில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. ஒன்று, ஒரே கோப்பின் மேலேயே மறுபடி மறுபடி சேமிப்பது. ஃபால்அவுட்டில் நாம் புறப்பட்டு வந்த நிலவறை மக்களின் குடிநீர்க் கருவிக்கான சிப்பைக் கண்டுபிடிக்க 150 நாள் கெடு. உலக வரைபடத்தில் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் நாள் ஓடும். ஏழு நாள் மிச்சம், பதினைந்து நாள் தொலைவு என்ற நிலையில் ஒருமுறை சேமித்துவிட்டு, முந்தைய சேமிப்பு எதுவும் இல்லாமல் விழித்தவன் நான். குறைந்தது மூன்று நான்கு கோப்புகளில் மாற்றி மாற்றிச் சேமியுங்கள்.

கெடுவைக் கண்டு பயப்படவும் வேண்டாம். திட்டமாக நடந்தால் 150 நாள் தாராளம். நாளைத் தின்பது வெட்டி அலைச்சல்தான். வரைபடத்தில் முதலில் குறித்துத் தரப்படும் வால்ட் 15 என்ற இன்னொரு நிலவறைக்குள் இறங்கக் கயிறு வேண்டும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வழியிலுள்ள ஷேடி சாண்ட்ஸ் என்ற சிற்றூரில் நின்று கேட்டு வாங்கிக்கொண்டு போகாதவர், போய்த் திரும்பி மறுபடி போவார். அதே ஊரில் ஈயன் என்ற காவலாளி கூட வருவான். நல்லவன். அவன் கையில் மட்டும் சரமாரியாகச் சுடும் துப்பாக்கியைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் முதுகு குறுக்கே வரும்.

மற்றொன்று, சின்னச் சறுக்கலுக்கும் பழைய சேமிப்பை ஏற்றுவது. பிளேன்ஸ்கேப்பில் நாயகனுக்குச் சாவு வராது என்பதே கதை. செத்தால் எழுந்து வந்துவிடுவான், சில இடங்களில் சாவதே வழி. அங்கே ஒவ்வொரு சாவுக்கும் திரும்ப ஏற்றுபவர் கதையோடு மல்லுக்கு நிற்கிறார்.

அம்புக்குறியைத் தேடுவது

2002-இன் மாரோவிண்ட் எங்கே போக வேண்டும் என்று திரையில் அம்புக்குறி காட்டாது. பாலத்தைத் தாண்டு, ஆற்றோரம் தெற்கே போ என்று வழிப்போக்கர்போல் வாயால் சொல்லும். உடனே வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி நடப்பது, அந்த ஊரைப் பார்க்காமலே ஊர் சுற்றுவது. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். மூன்று நாள் தேடியும் கிடைக்காவிட்டால் மட்டும் எட்டிப் பாருங்கள். பழைய இடிபாட்டுக்குள் சின்னதாக ஒளிந்திருக்கும் ஒரு கனசதுரப் பெட்டி விஷயத்தில் நானே எட்டிப் பார்த்தேன். இன்னொன்று: மூச்சிரைக்க ஓடிப்போய் வாளை வீசினால் படாது. பச்சைக் கோடு காட்டும் தெம்பு குறைந்திருந்தால் குறியும் தப்பும். நடந்து போங்கள். நீங்கள் பயிலாத ஆயுதத்தைத் தூக்காதீர்கள்.

விளையாட்டின் மேல் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்களான மாட்களைப் பற்றி ஒரே வரி: பிழை திருத்தும் ரசிகர் திருத்தங்கள் சரி, 2004-இன் வாம்பயர்: பிளட்லைன்ஸுக்கு அவை கட்டாயம், புதிய கதை, புதிய முகம், புதிய ஆயுதம் சேர்ப்பவை முதல் சுற்றில் வேண்டாம்.

முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம்

பிளேன்ஸ்கேப்பில் ஏறத்தாழ எட்டு லட்சம் ஆங்கிலச் சொற்கள் இருப்பதாகச் சொல்வார்கள். தமிழில் கிடையாது. போதாக்குறைக்கு, கதை தொடங்கும் சிகில் நகரத்து மாந்தர் பேசுவது, பழைய லண்டன் திருடர் வழக்கிலிருந்து எடுத்த கொச்சை. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்டினால் பிணவறையைத் தாண்ட மாட்டீர்கள். நெல்லைப் பேச்சை முதன்முதலாகக் கேட்கும் கோவைக்காரர்போல், பாதி புரிந்தால் போதும் என்று நகருங்கள். மீதி தானாகப் பிடிபடும். சிகிலை விட்டு வெளியேறிய பிறகு கதை மெலிந்து சண்டை கூடுகிறது, சண்டை அந்த விளையாட்டின் பலமும் அல்ல. அங்கே கடினத்தைக் குறைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பூல் ஆஃப் ரேடியன்ஸ் போன்றவற்றைப் பாதியில் விடுவதிலும் இல்லை.

டார்னெஷிடம் இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனேன். இம்முறை போர்வீரனாக. வழியில் சந்தித்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வில்லோ கவணோ கொடுத்து, படிக்கட்டிலிருந்து தள்ளி நிறுத்தினேன். அவன் பேச்சு முடிந்த நொடியில் ஸ்பேஸ் விசையைத் தட்டினேன், உலகம் நின்றது. ஒவ்வொருவராக அவனைக் குறிவைக்கச் சொன்னேன். அடிபட்டால் மந்திரம் பாதியில் கலைந்துவிடும் என்று கையேட்டில் இருந்தது. இரண்டாவது அம்பில் கலைந்தது. அவன் உடலைச் சோதித்தபோது ஒரு தாள் கிடைத்தது. அதில் என் தலைக்கு விலை குறித்திருந்தார்கள். யார் குறித்தது என்று தேடி அன்றிரவு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன்.