கேபினெட் வேலையில் கோட்டைவிடும் இடங்கள்: ஓரம், இடுக்கு, அடிப்பலகை

சிங்கப்பூரில், எங்கள் பொங்கோல் வீட்டில் பால் காய்ச்சி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அடுப்புக்கு மேலே உள்ள கேபினெட்டின் கீழ் விளிம்பைத் துடைத்தபோது துணியில் ஏதோ சிக்கியது. குனிந்து பார்த்தால், பலகைமேல் ஒட்டிய அலங்காரத் தாளான லேமினேட்டின் ஓரம் நகம் பிளந்ததுபோல எழும்பி நின்றது. வாரத்தில் நான்கு நாள் இட்லிப் பானையின் ஆவி நேராகப் போய் மோதுகிற இடம் அது. நிறத்துக்கும் கைப்பிடிக்கும் மூன்று வார இறுதிகளைச் செலவழித்திருந்தோம். அந்த ஓரத்தில் என்ன ஒட்டப் போகிறார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பழுது பார்க்க வந்த தச்சர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவர். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, பலகைக்குள்ள தண்ணி முகப்பு வழியா ஏறாது. ஓரம் வழியாத்தான் ஏறும்" என்றார். அதற்குப் பிறகு நண்பர்கள் வீட்டுச் சீரமைப்பு வேலைகள் சிலவற்றைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் தெரியாத இடங்களில்தான், அதாவது கேபினெட் சுவரையும் தரையையும் கூரையையும் தொடுகிற இடங்களில்தான், பெரும்பாலான வருத்தங்கள் பிறக்கின்றன. பலகை தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிட்டால் இவற்றில் பல செலவில்லாமல் சரியாகிவிடும்.

தண்ணீர் ஏறும் வழி

பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களை அடுக்கிப் பசை வைத்து அழுத்திய பலகை. அகலமான பக்கத்தில் லேமினேட் ஒட்டிவிட்டால் அங்கே ஈரம் புகுவது கடினம். வெட்டிய ஓரத்தில் மட்டும் அடுக்குகள் வாய் திறந்து நிற்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதமே ஆண்டுச் சராசரியில் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதோடு சமையலறை ஆவியும் சேரும்போது, மூடாத ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊதத் தொடங்கும். மரத்தூள் பலகையாக இருந்தால் இன்னும் வேகமாக ஊதும், ஊதியது பழைய அளவுக்குத் திரும்பாது.

எனவே விலைப்பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: ஓரத்தில் என்ன ஒட்டுகிறீர்கள், எந்தெந்த ஓரங்களில் ஒட்டுகிறீர்கள்? பிவிசி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டையை இயந்திரத்தில் சூடான பசையோடு ஒட்டுவது ஒரு வகை. வீட்டுக்கு வந்த பிறகு கையால் பசை தடவி ஒட்டுவது இன்னொரு வகை. முன்னது நீண்ட நாள் நிற்கும். அதிலும் பியூஆர் என்று சொல்லப்படும் பசை வழக்கமான சூட்டுப்பசையைவிட வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். வீடு முழுக்க அது வேண்டியதில்லை. அடுப்புப் பக்கமும் தொட்டிப் பக்கமும் கேட்டு வாங்கினால் போதும்.

"எந்தெந்த ஓரம்" என்ற பாதியை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் முன் ஓரத்துக்குப் பட்டை ஒட்டுவார்கள். மேல் கேபினெட்டின் கீழ் ஓரம், தொட்டிக்குக் கீழே குழாய்க்காகப் போட்ட துளை, ஸ்விட்சுக்காக வெட்டிய சதுரம், உயரமான அலமாரியின் தலை, இவையெல்லாம் வெறும் மரமாகவே விடப்படுவது உண்டு. தொட்டிக்கு அடியில் உள்ள துளைகள்தான் மிக மோசம், ஏனென்றால் அவை குழாய் மாட்டும் நாளில் அவசரமாகத் துளைக்கப்படுகின்றன. ஒரு கோடு சிலிகான் வைத்து மூட இரண்டு நிமிடம் ஆகும். கேட்டால் மறுக்க மாட்டார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் வைக்கிறவர்கள் அதற்கு மேலே உள்ள பலகை ஓரத்துக்கு ஆவித் தடுப்புப் பட்டையையும் சேர்த்துக் கேளுங்கள்.

2.6 மீட்டர் வீடு, 2.44 மீட்டர் பலகை

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தரையிலிருந்து கூரை வரை சுமார் 2.6 மீட்டர். பிளைவுட்டும் லேமினேட்டும் வழக்கமாக வருவது 8 அடிக்கு 4 அடியில், அதாவது 2.44 மீட்டர் நீளத்தில். "கூரை வரைக்கும் ஒரே கதவாகப் போட்டுக்கொடுங்கள்" என்று நாம் சொல்லும்போது கணக்கு இங்கேயே உதைக்கிறது. ஒன்று, எங்கோ ஓர் இணைப்புக் கோடு வரும். அல்லது மேலே தனிக் கதவோ மூடுபலகையோ வரும். எது வரப்போகிறது, கோடு எந்த உயரத்தில் விழும், மரக்கோடு அச்சு லேமினேட் என்றால் அந்தக் கோடுகள் கீழிருந்து மேலே தொடர்ச்சியாக ஓடுமா என்பதை முன்கூட்டியே வரைந்து காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்த நாளில்தான் அந்தக் கோட்டை முதன்முதலாகப் பார்க்கிறோம் என்றால், அது தினமும் கண்ணை உறுத்தும்.

கூரைக்கும் கதவுக்கும் நடுவே மூடுபலகை, தச்சர்கள் ஃபில்லர் என்கிறார்களே அது, அவசியம் வேண்டும். எந்த வீட்டிலும் கூரை மட்டமாகவும் சுவர் செங்குத்தாகவும் அமைந்துவிடுவதில்லை. ஒரு முனையில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் கதவு போய் உரசும். ஃபில்லரைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்துகிறவர் நல்ல தச்சர். நேராக வெட்டி வைத்துவிட்டு, மிச்ச இடைவெளியைச் சிலிகானால் நிரப்புவது சோம்பேறி வேலை. இரண்டு மில்லிமீட்டர் கோடு கண்ணுக்குத் தெரியாது, எட்டு மில்லிமீட்டர் பூச்சு தெரியும்.

பக்கவாட்டு ஃபில்லரைத்தான் அதிகம் பேர் வேண்டாம் என்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் இடம் வீணாகிறதே என்ற கவலை. ஆனால் சுவரை ஒட்டிய அலமாரிக் கதவில் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால், அந்தக் கதவு முழுதாகத் திறக்குமுன் கைப்பிடி சுவரில் மோதும். கதவு சரியாகத் திறக்காவிட்டால் உள்ளே வைத்த இழுப்பறை கதவின் ஓரத்தில் இடித்து வெளியே வராது. ஐந்து சென்டிமீட்டரை மிச்சம் பிடித்து ஓர் இழுப்பறையையே இழந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். கதவு திறக்கும் வட்டத்தில் கூரை விளக்கோ மின்விசிறி இறக்கையோ வருகிறதா என்பதையும் அதே வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

இடுக்கு அடைக்கும் பசையில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. தண்ணீர் படும் இடத்துக்குப் பூஞ்சை எதிர்ப்புச் சிலிகான். சுவரும் கேபினெட்டும் சேரும் காய்ந்த இடத்துக்கு அக்ரிலிக். அக்ரிலிக் மேல் பெயிண்ட் அடிக்கலாம், சிலிகான் மேல் பெயிண்ட் பிடிக்காது.

தரையோடு சேரும் இடம்

தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டைக் கழுவித் துடைக்காத தமிழ்க் குடும்பம் உண்டா? அந்தத் தண்ணீர் முதலில் தேடிப் போவது, கேபினெட்டுக்கும் தரைக்கும் நடுவே நிற்கும் அடிப்பலகையைத்தான். மற்ற நாள்களிலும் ஈரத் துடைப்பான் தினமும் அதன்மேல் மோதுகிறது. அடிப்பலகையின் கீழ் ஓரம் மூடப்பட்டிருக்க வேண்டும், தரையோடு சேரும் இடத்தில் சிலிகான் கோடு வேண்டும். சமையலறையில் அடிப்பலகையை அலுமினியத்தில் கேட்கலாம், அல்லது சிமெண்ட் திண்டு கட்டித் தரைக்கல்லை அதன்மேல் ஏற்றி, அதில் கேபினெட்டை உட்கார வைக்கலாம். என்னைக் கேட்டால் நம் சமையலறைகளுக்குத் திண்டுதான் பொருத்தம். ஆனால் அதைத் தரைக்கல் போடும் நாளிலேயே கட்ட வேண்டும், தச்சர் வந்த பிறகு நினைத்துப் பயனில்லை.

அளவெடுக்கும் நாளும் முக்கியம். தரைக்கல்லோ வினைல் தரையோ போடுவதற்கு முன் எடுத்த அளவை வைத்துப் பலகை அறுத்தால், தரை உயர்ந்த பிறகு எதுவும் சேராது. தரையும் மின்வேலையும் முடிந்த பிறகு, கடைசி அளவை மறுபடி எடுக்கிறீர்களா என்று கேளுங்கள்.

பூசை அலமாரி

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பாளர்கள் காட்டும் மாதிரிகளில் நம் பூசை மாடம் இருப்பதில்லை. அதைப் புத்தக அலமாரிபோலவே வரைந்துவிடுகிறார்கள். இரண்டு தட்டு, மேலே எல்இடி பட்டை, முகப்பில் கதவு. விளக்கேற்றிய முதல் மாதத்திலேயே மேல்தட்டின் அடிப்பாகம் பழுப்பாகும். சூடு தொடர்ந்து படும்போது பசை இளகி லேமினேட் குமிழ் விடும். கட்டை கருகவும் கூடும்.

காமாட்சி விளக்கோ குத்துவிளக்கோ, நீங்கள் ஏற்றப் போகும் விளக்கை வைத்து, திரி எரியும்போது சுடரின் நுனி எங்கே நிற்கிறது என்று அளந்து தச்சரிடம் கொடுங்கள். சுடருக்கு நேர் மேலே பலகையே வராமல் பார்ப்பது நல்லது. அதற்கு எளிய வழி, கீழ்த்தட்டில் வெளியே இழுக்கும் பலகை ஒன்று வைப்பது. ஏற்றும் நேரத்தில் விளக்கு முன்னால் வந்துவிடும். அந்தப் பலகை மீது லேமினேட் வேண்டாம். கல்லோ தரைக்கல்லோ பதித்து, எண்ணெய் வழியாமல் சிறு விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். எல்இடி பட்டை வேண்டுமென்றால் பக்கச் சுவரில், சுடர் எட்டாத இடத்தில் இருக்கட்டும். சொரசொரப்பான வெள்ளை லேமினேட்டில் கற்பூரக் கரி படிந்தால் போகாது. வழவழப்பானதில் துடைத்துவிடலாம். கதவு இருந்தால், விளக்கு முழுதாக அணைந்து திரி ஆறும்வரை மூடக்கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மறைக்கக்கூடாதவை

வாசல் பக்கத்து மின்பெட்டியைச் செருப்பு அலமாரிக்குள் மறைக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. மறைக்கலாம், ஆனால் இருட்டில் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும், முன்னால் எதையும் அடுக்கக்கூடாது. ஏர்கான் அருகே உயரமான அலமாரி வந்தால், கழுவ வருகிறவர் மூடியைக் கழற்றும் அளவுக்கு இடம் விடுங்கள். எல்இடி பட்டையின் மின்மாற்றியைப் பலகைக்குப் பின்னால் அடைத்துவிட்டால், அது கெடும் நாளில் பலகையையே பெயர்க்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் (வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அதன் கதவை மாற்றவோ அகற்றவோ கூடாது. எனவே அதைச் சுற்றி அலங்காரப் பலகை அடிப்பதாக இருந்தால், கதவு தடையின்றித் திறந்து மூட முடிகிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

ஒப்படைக்கும் நாள்

கைப்பேசி விளக்கை எடுத்துக்கொண்டு பகலிலேயே போங்கள். ஒவ்வொரு கதவையும் இழுப்பறையையும் முழுதாகத் திறந்து மூடுங்கள். கைப்பேசியைக் கேபினெட்டுக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்தால் கண் எட்டாத ஓரங்கள் தெரிந்துவிடும். கதவுகளுக்கு நடுவே இடைவெளி ஏறுமாறாக இருந்தால் பயப்பட வேண்டாம். இப்போதைய கீல்களை மேல்கீழ், இடவலம், முன்பின் என மூன்று பக்கமும் திருகித் திருத்தலாம். பொருள்கள் அடுக்கியதும் கதவுகள் கொஞ்சம் இறங்கும் என்பதால், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வந்து கீல் திருத்தித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணைப் பணத்தையும் குறைகள் திருத்திய பிறகே கொடுப்பதாக அதிலேயே போட்டுவிடுவது நல்லது.

திருத்த வேலைக்கு நாள் குறிக்கும்போது வீவக விதியை நினைவில் வையுங்கள். சீரமைப்பு வேலைகள் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை நடக்கலாம். துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளுக்கு வார நாள்களில் 9 முதல் 5 வரை மட்டுமே அனுமதி. சனிக்கிழமை விடுப்பில் இருக்கிறேன், வந்து துளைத்துத் தாருங்கள் என்று சொல்ல முடியாது.

அப்புறம், தச்சர் கிளம்புமுன் மிச்சமான லேமினேட் துண்டுகள், ஓரப் பட்டைச் சுருள், ஒவ்வொரு லேமினேட்டின் எண், இந்த மூன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டு ஓரம் எழும்பியபோது அந்த நிறம் கடையில் நின்றுபோயிருந்தது. ஜொகூர்த் தச்சர் கடைசியில் கீழ் விளிம்பு நெடுக மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றை அடித்துக் கொடுத்தார். இட்லிப் பானை இப்போது புகையை உறிஞ்சும் ஹூட்டுக்கு நேர் கீழே உள்ள அடுப்பில் வேகிறது.